ஊருக்கே டெஸ்ட் எடுக்கும் லேப்

வந்த கேள்வி சுருக்கமாக இது: "மகளுக்குக் காய்ச்சல் என்று அரசு மருத்துவமனையில் ரத்தம் கொடுத்தோம். ரிசல்ட் எங்கள் கைக்கு வருவதற்கு முன்பே தெருவுக்கு ஆட்கள் வந்து தண்ணீர்த் தொட்டி, பூந்தொட்டி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனார்கள். பொது சுகாதார ஆய்வகம் என்கிறார்களே, அது தெருமுனையில் இருக்கும் தனியார் லேபிலிருந்து எப்படி வேறு? சில ரிசல்ட் வர ஏன் இத்தனை நாள் ஆகிறது? எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்துப் பார்க்க முடியுமா?"

கருவி என்று பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ரத்தத்தில் கிருமியின் புரதத்தையோ எதிர்ப்புப் புரதத்தையோ காட்டும் எலிசா சோதனைக்கு அதே ரீடர், கிருமியின் மரபணுவைத் தேட அதே பிசிஆர் மெஷின், கிருமி வளர்க்க அதே இன்குபேட்டர். சொல்லப்போனால் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை லேபில் இருக்கும் வசதி பல மாவட்ட ஆய்வகங்களில் இருக்காது. வேறுபாடு, அவர்களிடம் கேட்கப்படும் கேள்வியில் இருக்கிறது. டாக்டர் தன் லேபிடம் கேட்பது, "இந்தப் பெண்ணுக்கு என்ன காய்ச்சல்?" பொது சுகாதார ஆய்வகத்திடம் கேட்கப்படுவது, "இந்த ஊரில் என்ன பரவுகிறது, எங்கிருந்து வந்தது, இப்போது கூடுகிறதா குறைகிறதா?" ஒரே ரத்தக் குழாய் இரண்டு கேள்விக்கும் பதில் தரலாம். உங்கள் மகளுடையது அப்படித்தான் பயன்பட்டிருக்கிறது. முடிவு ஒரு பக்கம் வார்டுக்குப் போகும். இன்னொரு பக்கம் மாவட்ட சுகாதார அலுவலர், வட்டார மருத்துவ அலுவலர், சுகாதார ஆய்வாளர் என்று இறங்கி, கொசு ஒழிப்புப் பணியாளர்கள் கைக்கு முகவரியாக வந்து சேரும். வார்டு வழியாக உங்களுக்குக் காகிதம் வருவதை விட இந்த வழி சில சமயம் வேகமாக இருக்கும்.

இந்த வேலை முழுவதும் எப்படி நடக்கிறது என்று காட்ட டெங்குவை விடக் காலராதான் தோதானது. நோயாளி, தண்ணீர், கிருமி, முடிவெடுப்பவர் என்று எல்லாரும் அதில் வருகிறார்கள்.

2022 ஜூலை தொடக்கத்தில் காரைக்காலில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு வருபவர்கள் நூற்றுக்கணக்கில் கூடினார்கள். சில மாதிரிகளில் காலரா உறுதியானது. பொது சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். பள்ளி, கல்லூரிகளுக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்கள். அப்போது பலரும் கேட்ட கேள்வி, "இத்தனை நூறு பேரில் ஒரு சிலருக்குத்தானே பாசிட்டிவ், இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" நியாயமான சந்தேகம்தான். ஆனால் நோய்ப் பரவல் நேரத்தில் ஆய்வகம் ஒவ்வொரு நோயாளிக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. ஆரம்பத்தில் வரும் நோயாளிகளில், இன்னும் ஆன்டிபயாட்டிக் சாப்பிடாத ஒரு பத்துப் பேரிடம் மாதிரி எடுத்து, அதில் சிலரிடமாவது கிருமியைப் பிடித்துவிட்டால் போதும். இது காலராதான் என்று தெரிந்துவிட்டது. அதன்பின் அதே ஊரில் அதே அறிகுறியோடு வரும் அடுத்த ஐந்நூறு பேருக்கும் டெஸ்ட் எடுப்பது நேரத்தையும் கிருமி வளர்க்கும் ஊடகத்தையும் வீணாக்குவது. ஆய்வகம் அடுத்த வேலைக்குப் போயாக வேண்டும்: எந்தத் தண்ணீர், எந்த மருந்து இந்தக் கிருமிக்குக் கேட்கும், கடைசியில், பரவல் நின்றுவிட்டதா.

கிருமியைப் பிடிப்பது எப்படி? ஆசனவாயில் பஞ்சுக் குச்சியால் எடுத்த மாதிரியோ மலமோ கேரி-பிளேர் என்ற ஒரு அரைக்கெட்டியான ஊடகத்தில் வைத்து அனுப்பப்படும். அதில் கிருமி சாகாது, அதிகம் பெருகவும் செய்யாது. காலராக் கிருமிக்கு ஐஸ் தேவையில்லை, அறை வெப்பத்திலேயே தாங்கும். பஸ்ஸில் மூன்று மணி நேரம் வரும் மாதிரிக்கு இது எவ்வளவு பெரிய சலுகை என்பது லேபில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். வந்ததும் கொஞ்சத்தைக் காரத்தன்மை கூடிய பெப்டோன் தண்ணீரில் போடுவார்கள். மலத்தில் இருக்கும் மற்ற கிருமிகள் அந்தக் காரத்தில் திணறும். காலராக் கிருமி குஷியாக வளரும். ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் அது மேற்பரப்பில் திரண்டுவிடும். அங்கிருந்து ஒரு துளி எடுத்து டிசிபிஎஸ் என்ற பச்சை நிற அகார் தட்டில் தீற்றி, இரவு முழுவதும் 37 டிகிரியில் வைப்பார்கள். காலையில் தட்டைத் திறந்தால், காலரா இருந்தால், மஞ்சளாகத் தட்டையான காலனிகள்.

மஞ்சள் என்றவுடன் காலரா என்று எழுதிவிட முடியாது. அந்தத் தட்டில் சர்க்கரையைச் செரிக்கும் வேறு சில கிருமிகளும் மஞ்சளாகவே வளரும். முதலில் ஆக்சிடேஸ் என்ற நொதி கிருமியிடம் இருக்கிறதா என்று ஒரு சோதனை, அப்புறம் காலனியைக் கண்ணாடித் தகட்டில் ஒரு துளி எதிர்சீரத்தோடு (குறிப்பிட்ட வகைக் கிருமியை மட்டும் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம் உள்ள திரவம்) கலந்து திரிகிறதா என்று பார்ப்பது. ஓ1 வகைக்கான சீரத்தில் திரிந்தால் காலரா. அதற்குள் ஒகாவா, இனாபா என்ற உட்பிரிவுகளில் எது என்று இன்னொரு சோதனை. பக்கத்தில் ஆன்டிபயாட்டிக் வட்டுகளை வைத்து எது வேலை செய்கிறது என்று பார்க்க இன்னொரு நாள். ஆக, எவ்வளவு அவசரப்பட்டாலும் இரண்டு நாள், முழு விவரத்துக்கு மூன்று நாள். "ஏன் இத்தனை நாள்" என்ற உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான். கிருமி வளர்வதற்கு ஆகும் நேரத்தை யாராலும் குறைக்க முடியாது. மீதிப் பாதி, மாதிரி லேபுக்கு வந்து சேர ஆகும் நேரம். அதைக் குறைக்கலாம், குறைப்பதில்லை.

அதற்காக யாரும் இரண்டு நாள் கைகட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. உப்புச் சர்க்கரைக் கரைசலும் டிரிப்பும் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதில்லை. குளோரின் போடுவதும் காத்திருக்கக் கூடாது. ஒரே தெருவில் நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் முதலில் செய்வது மேல்நிலைத் தொட்டித் தண்ணீரைப் பார்ப்பதுதான். குளோரின் அளவு பார்க்கும் குளோரோஸ்கோப் என்ற சிறு கருவியில் தண்ணீரை ஊற்றி, ஆர்த்தோடோலிடின் சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். நோய் பரவும் நேரத்தில் 0.5 வைக்கச் சொல்வார்கள். தொட்டியில் நன்றாக இருந்து கடைசித் தெருக் குழாயில் ஒன்றுமே இல்லை என்றால், இடையில் எங்கோ குழாய் உடைந்து சாக்கடை கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். இது லேபே இல்லாமல் தெருவில் நின்றபடி செய்யும் சோதனை. என்னைக் கேட்டால் காலரா நேரத்தில் இதை விட மதிப்புள்ள சோதனை வேறில்லை.

தண்ணீர் மாதிரியை லேபுக்கு அனுப்பும்போது கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. கிருமி நீக்கம் செய்த பாட்டிலுக்குள் முன்கூட்டியே கொஞ்சம் சோடியம் தயோசல்பேட் போட்டிருக்க வேண்டும். அது தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரினை அடக்கிவிடும். இல்லையென்றால் பாட்டில் பயணம் செய்யும் நேரம் முழுவதும் குளோரின் உள்ளே கிருமிகளைக் கொன்றுகொண்டே வரும். மக்கள் குடித்த தண்ணீர் அழுக்காக இருந்திருக்கும், லேபுக்கு வந்த தண்ணீர் சுத்தமாக இருக்கும். அறிக்கையும் "குடிக்க ஏற்றது" என்று வரும்.

லேபில் அந்தத் தண்ணீரில் பெரும்பாலும் காலராக் கிருமியைத் தேடுவதே இல்லை. கோலிபார்மைத் தேடுவார்கள், அதாவது மனித, விலங்குக் குடலில் கோடிக்கணக்கில் வாழும் கூட்டத்தை. மக்கான்கி திரவம் உள்ள வரிசையான குழாய்களில் தண்ணீரை வெவ்வேறு அளவில் ஊற்றி 37 டிகிரியில் வைப்பார்கள். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் தலைகீழாக ஒரு குட்டிக் குழாய் கவிழ்ந்திருக்கும். கிருமி சர்க்கரையைச் செரித்து வாயு விட்டால் அந்தக் குட்டிக் குழாயில் குமிழி தங்கும். எத்தனை குழாயில் குமிழி என்று எண்ணி, அட்டவணையைப் பார்த்து, 100 மில்லியில் எத்தனை கிருமி இருக்கலாம் என்று சொல்வார்கள். அதன்பின் 44 டிகிரியில் மறுபடி வைத்து, மலத்திலிருந்து வரும் ஈ.கோலை தானா என்று உறுதி செய்வார்கள். காலராக் கிருமி தண்ணீரில் இன்றைக்கு இருக்கும், நாளைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். தேடிப் பிடிப்பது அதிர்ஷ்டம். மலம் கலந்திருக்கிறது என்று தெரிந்தால் அதுவே போதும், குழாயை மூட வேண்டும். குடிநீரில் 100 மில்லியில் ஒரு ஈ.கோலை கூட இருக்கக் கூடாது என்பதுதான் இந்தியத் தர நிர்ணயம்.

இப்படித் தினமும் தண்ணீரைச் சோதிக்கும் பழக்கம் பரவியதில் ஒரு பெரும் சாவுக்குப் பங்கு உண்டு. 1892-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் காலரா வந்து சுமார் 8,600 பேர் இறந்தார்கள். ஒட்டியே இருந்த ஆல்டோனா நகரம் கிட்டத்தட்டத் தப்பியது. இரண்டு ஊருக்கும் எல்பே ஆற்றுத் தண்ணீர்தான். இன்னும் சொன்னால் ஆல்டோனா எடுத்தது ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பின் கீழே ஓடிவரும் தண்ணீர். ஆனால் ஆல்டோனா அதை மணலில் வடிகட்டியது, ஹாம்பர்க் அப்படியே குழாயில் விட்டது. எல்லைத் தெருவில் ஒரு பக்க வீடுகளில் காலரா, எதிர்ப்பக்கம் இல்லை. எட்டு வருடத்துக்கு முன்புதான் கல்கத்தாவில் குளத்துத் தண்ணீரில் காலராக் கிருமியைக் காட்டியிருந்த ராபர்ட் கோக், இதை வைத்து வாதாடினார். வடிகட்டிய தண்ணீரில் ஒரு மில்லிக்கு 100 கிருமிக்கு மேல் இருக்கக் கூடாது, அதைத் தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்றார். லேப் என்பது ஆராய்ச்சிக்காரர்களின் இடமாக இருந்தது போய், நகராட்சியின் அன்றாட வேலையில் ஒரு பகுதியானது அந்தக் காலத்தில்தான். நம் பக்கத்தில் கிண்டி கிங் நிறுவனம் 1899-ல் தொடங்கப்பட்டது. மெட்ராஸ் மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங்கின் பெயர் அது. ஆரம்ப வேலை பெரியம்மைத் தடுப்பு மருந்து தயாரிப்பது. பிறகு தண்ணீர், உணவு, வைரஸ் என்று கூடிக்கொண்டே போனது.

காலராவை விட்டுப் போவதற்கு முன் இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த சம்பவம். 1992 அக்டோபரில் சென்னையில் காலரா போன்ற ஒரு வயிற்றுப்போக்கு பரவியது. அரிசி கழுவிய நீர் போன்ற பேதி, அதே வேகம், தட்டில் அதே மஞ்சள் காலனி, ஆக்சிடேஸ் பாசிட்டிவ். ஆனால் ஓ1 சீரத்தோடு கலந்தால் திரியவில்லை. அன்றைய விதிப்படி, ஓ1 சீரத்தில் திரியாத கிருமி காலரா அல்ல. அந்த மற்ற வகைகள் அங்கங்கே ஒருவருக்கு வயிற்றுப்போக்கு கொடுக்குமே தவிர ஊர் ஊராகப் பரவாது என்பதுதான் பாடம். "காலரா இல்லை" என்று எழுதிவிட்டு ஃபைலை மூடியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. மூடவில்லை. மதுரையிலும் வேலூரிலும் அதே கிருமி கிடைத்தது, பிறகு கல்கத்தா, வங்கதேசம். அதுவரை தெரிந்திருந்த 138 வகைச் சீரங்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், எதிலும் பொருந்தவில்லை. ஆகவே அது 139-வது. வங்கக் கடலோர ஊர்களில் முதலில் கிடைத்ததால் 'ஓ139 பெங்கால்' என்று பெயர். கவனித்தால் தெரியும், காலரா வழக்கமாக இருக்கும் ஊர்களில் குழந்தைகளைத்தான் அதிகம் தாக்கும், பெரியவர்களுக்குப் பழைய எதிர்ப்பு சக்தி இருக்கும். இதில் பெரியவர்கள் அதிகம் விழுந்தார்கள். பழைய எதிர்ப்பு சக்தி புதியவனை அடையாளம் காணவில்லை. அதன்பிறகு உலகம் முழுக்கக் காலரா பார்க்கும் லேபின் குளிர்பெட்டியில் ஓ1 சீரத்துக்குப் பக்கத்தில் ஓ139 சீரமும் இடம் பிடித்தது. பொருந்தாத ரிசல்ட்டைக் குப்பையில் போடாமல் எடுத்து வைத்து மேலே அனுப்புவது இந்த வேலையின் பாதி.

சரி, உங்கள் மகளின் காய்ச்சலுக்கு வருவோம். டெங்குவில் டெஸ்ட்டை விட முக்கியம், காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது என்பது. முதல் ஐந்து நாளுக்குள் ரத்தத்தில் வைரஸும் அதன் என்எஸ்1 என்ற புரதமும் இருக்கும். அதற்கு என்எஸ்1 எலிசா. ஐந்து நாளுக்குப் பிறகு உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதமான ஐஜிஎம் வரும். அதற்கு வேறு எலிசா. அந்த எலிசா கிட்டைப் புனே தேசிய வைராலஜி நிறுவனம் தயாரித்து, கண்காணிப்புக்கு என்று குறிக்கப்பட்ட மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. மூன்றாம் நாளில் ஐஜிஎம் பார்த்தால் நெகட்டிவ் வரும், டெங்கு இருந்தாலும். எட்டாம் நாளில் என்எஸ்1 பார்த்தாலும் அதே ஏமாற்றம்தான். இதனால்தான் படிவத்தில் 'காய்ச்சல் தொடங்கிய தேதி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. வருகிற படிவங்களில் அதிகம் காலியாக இருப்பதும் அதே கட்டம். அது காலியாக இருந்தால் என்ன ரிசல்ட் வந்தாலும் அர்த்தம் சொல்ல முடியாது. ஐஜிஎம் இரண்டு மூன்று மாதம் ரத்தத்தில் தங்குவதால், போன மாத டெங்குவை இந்த மாதக் காய்ச்சலுக்குக் காரணமாகச் சொல்லும் அபாயமும் உண்டு.

தனியார் லேபில் கால் மணி நேரத்தில் கார்டு டெஸ்ட் செய்கிறார்களே, அரசு ஏன் அதை ஏற்பதில்லை என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கார்டு, டெங்கு உள்ள பத்துப் பேரில் ஒன்பது பேரைப் பிடிக்கிறது, டெங்கு இல்லாத நூறு பேரில் ஐந்து பேருக்குத் தப்பாகப் பாசிட்டிவ் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். டெங்கு குறைவாக உள்ள ஏப்ரலில், காய்ச்சலோடு வரும் 1,000 பேரில் 10 பேருக்குத்தான் டெங்கு என்றால், கார்டு அதில் 9 பேரைப் பிடிக்கும். மீதி 990 பேரில் கிட்டத்தட்ட 50 பேருக்கும் பாசிட்டிவ் சொல்லும். மொத்தப் பாசிட்டிவ் 59, உண்மை 9. மழை முடிந்த நவம்பரில் 1,000 பேரில் 300 பேருக்கு டெங்கு என்றால், 270 பேரைச் சரியாகப் பிடிக்கும், 35 பேரைத் தப்பாக. கார்டு மாறவில்லை, மாதம்தான் மாறியிருக்கிறது. ஏப்ரல் கார்டை நம்பி ஆட்களை ஐம்பது தவறான தெருவுக்கு அனுப்பினால், உண்மையான ஒன்பது தெருக்களுக்குப் போக ஆள் இருக்காது.

இதே வரிசையில், டைபாய்டுக்கு ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் தேடும் வைடால் டெஸ்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபப்படுபவர்கள் படட்டும். காய்ச்சல் என்று வந்தவர்களுக்கெல்லாம் வைடால் எடுத்து, "டைபாய்டு லேசாக இருக்கிறது" என்று ஊசி போடும் வழக்கம் நம் ஊர்களில் ஒழியவே மாட்டேன் என்கிறது. 1896-ல் வந்த சோதனை அது. பழைய தொற்று, தடுப்பூசி, வேறு கிருமி எதுவும் அதைப் பாசிட்டிவ் ஆக்கும். ஒரே ஒரு வைடாலை வைத்துக்கொண்டு டைபாய்டு என்று சொல்வது கிட்டத்தட்ட யூகம். முதல் வாரத்தில், ஆன்டிபயாட்டிக் கொடுப்பதற்கு முன், ரத்தத்தைக் கல்ச்சர் போட்டுக் கிருமியை வளர்த்துப் பார்ப்பதுதான் சரியான வழி. ஊர் அளவில் இந்தத் தவறு இன்னும் மோசமானது. வைடாலால் டைபாய்டு என்று பதிவான காய்ச்சல்களுக்குள் ஸ்கிரப் டைபஸும் (சிறு பூச்சி கடித்து வரும் காய்ச்சல்) லெப்டோஸ்பைரோசிஸும் (எலிக் காய்ச்சல்) ஒளிந்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் மருந்து உண்டு, தாமதமானால் உயிரைக் குடிக்கும்.

ரிசல்ட்டுக்கு முன்பே ஆட்கள் வந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். நோய்க் கண்காணிப்பில் மூன்று படி உண்டு. 2004-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் இவற்றை எஸ், பி, எல் படிவம் என்பார்கள். கிராம சுகாதாரச் செவிலியர் அறிகுறியை மட்டும் பார்த்துச் சந்தேகமாகப் பதிவது முதல் படி. டாக்டர் பரிசோதித்து, இதுவாக இருக்கலாம் என்று பதிவது இரண்டாவது. லேப் உறுதி செய்வது மூன்றாவது. இப்போது எல்லாம் கணினிப் பதிவு. ஒரே வார்டில் காய்ச்சல் கூடுகிறது என்று முதல் இரண்டு படியிலேயே தெரிந்தால் மூன்றாவதற்குக் காத்திருக்காமல் கொசுப் புழு தேடக் கிளம்பலாம், கிளம்பவும் வேண்டும். இப்படி ஒரு ஏற்பாடு வேண்டும் என்று நாட்டுக்கு உறைத்தது 1994-ல். சூரத்தில் பிளேக் என்ற செய்தி வந்ததும் லட்சக்கணக்கானவர்கள் ரயிலேறி ஓடினார்கள், வெளிநாடுகள் விமானத்தை நிறுத்தின. அது பிளேக்தானா என்று உடனே உறுதியாகச் சொல்லும் ஆய்வகம் அப்போது நம்மிடம் இல்லாததால், விவாதம் நெடுநாள் ஓடியது.

உறுதி செய்வது ஒரு பக்கம் இருக்கட்டும், "இல்லை" என்று சொல்வது அதை விடக் கடினம். போலியோவைப் பாருங்கள். இந்தியாவில் காட்டு வைரஸால் (தடுப்பு மருந்திலிருந்து வராத, இயற்கையாகப் பரவும் வைரஸ்) வந்த கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரி 13-ல் ஹவுராவில் பதிவானவர். நோயற்ற பகுதி என்ற சான்றிதழ் 2014 மார்ச் 27-ல்தான் கிடைத்தது. இடைப்பட்ட மூன்று வருடம் ஆய்வகங்கள் சும்மா இல்லை. 15 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் திடீரென்று கை கால் தளர்ந்தால், காரணம் எதுவானாலும், பதினான்கு நாளுக்குள், 24 மணி நேர இடைவெளியில், இரண்டு மல மாதிரி எடுத்து ஐஸில் வைத்து அனுப்பியாக வேண்டும். கிங் நிறுவனம் உட்பட ஆய்வகங்கள் அதைச் செல் வளர்ப்பில் போட்டுப் பார்த்தன. ஆயிரக்கணக்கில் நெகட்டிவ். போலியோ அல்லாத காரணத்தால் தளர்ச்சி வந்த குழந்தைகள் ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு இரண்டு பேராவது பதிவாகவில்லை என்றால், அந்த மாவட்டத்தில் யாரும் சரியாகத் தேடவில்லை என்று பொருள். நெகட்டிவ் போதுமான அளவு வரவில்லையே என்று கவலைப்படும் வேலை வேறு எங்கே உண்டு? நோயாளியே இல்லாதபோதும் சாக்கடைத் தண்ணீரை எடுத்து வைரஸ் தேடுவதை மும்பையில் 2001-லேயே தொடங்கிவிட்டார்கள், இன்றும் பல ஊர்களில் நடக்கிறது.

எல்லா மாதிரியையும் எல்லா லேபும் திறக்கக் கூடாது என்பதும் இதில் அடங்கும். கிருமியின் ஆபத்தைப் பொறுத்து ஆய்வகப் பாதுகாப்பில் நான்கு நிலை உண்டு. டெங்கு எலிசாவுக்கு இரண்டாம் நிலைப் பாதுகாப்பு போதும். காசநோய்க் கிருமியைத் திரவத்தில் வளர்க்க மூன்றாம் நிலை வேண்டும். நிபா வைரஸை வளர்க்க வேண்டுமென்றால் புனேயில் உள்ள நான்காம் நிலை ஆய்வகம்தான். 2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவில் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து மூளைக்காய்ச்சல் வந்தபோது, சிகிச்சை கொடுத்த டாக்டர்களுக்குச் சந்தேகம் தட்டி மாதிரிகளை மணிப்பால் வைரஸ் ஆய்வு மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே நிபா என்று தெரிந்து, புனே உறுதி செய்தது. அந்தப் பரவலில் 17 பேர் இறந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொடர்பாளர்களைத் தேடிக் கண்காணித்தார்கள். இரண்டாவது நோயாளியிலேயே பெயர் தெரிந்துவிட்டதுதான் அங்கே காப்பாற்றியது. 2021-ல் மறுபடி நிபா வந்தபோது புனேக்காரர்கள் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்கே வந்து தற்காலிக லேப் போட்டுவிட்டார்கள். மாதிரி பயணம் செய்யும் நேரம் மிச்சம்.

தரம் பற்றி ஒரு வார்த்தை. லேப் சொல்வது சரிதானா என்று யார் பார்ப்பது? காசநோய்த் திட்டத்தில் சளி ஸ்லைடுகளைக் குருட்டாக மறுபடி படிப்பார்கள்: முதலில் பார்த்தவர் என்ன எழுதினார் என்று இரண்டாமவருக்குத் தெரியாது, இருவர் பதிலும் ஒத்துப்போகிறதா என்று மூன்றாமவர் பார்ப்பார். சென்னை சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் பிற ஆய்வகங்களுக்கு இப்படித் தேர்வு வைக்கும் இடங்களில் ஒன்று. 1956-ல் தொடங்கிய அந்த இடத்தில்தான், காசநோயாளியை சானடோரியத்தில் படுக்கவைப்பதும் வீட்டிலேயே மாத்திரை கொடுப்பதும் குணமாவதில் சமமே என்று 1959-ல் காட்டினார்கள். உலகமே சிகிச்சையை மாற்றிக்கொண்டது. அதை நிரூபித்தது மாதாமாதம் சளியை வளர்த்துப் பார்த்த லேப்தான் என்பதை யாரும் நினைப்பதில்லை. சளியைத் திட ஊடகத்தில் வளர்க்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இன்று ஜீன் எக்ஸ்பர்ட் மெஷின் இரண்டு மணி நேரத்தில் கிருமி உண்டா, ரிஃபாம்பிசின் மருந்து கேட்குமா என்று சொல்லிவிடுகிறது.

குறை இல்லையா? நிறைய. மெஷின் வாங்க எப்போதும் பணம் கிடைக்கும், திறப்பு விழா படம் நன்றாக வரும். ரீஏஜென்ட் வாங்கவும் ஒப்பந்த டெக்னீஷியனுக்குச் சம்பளம் கொடுக்கவும்தான் ஒவ்வொரு வருடமும் இழுபறி. 2021-ல் சென்னை தேனாம்பேட்டையில் மரபணு வரிசை பார்க்கும் வசதி வந்தது நல்ல விஷயம். ஆனால் கடைக்கோடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேரி-பிளேர் குழாய் தீர்ந்துபோயிருந்தால், வரிசை பார்க்கக் கிருமி வந்து சேராது. இன்னொன்று, நம் மக்களில் பெரும்பகுதி காய்ச்சலுக்கு முதலில் போவது தனியாரிடம். குறிப்பிட்ட தொற்று நோய்களைச் சுகாதார அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டமே சொல்கிறது. காசநோயைத் தனியாரும் தெரிவிக்க வேண்டும் என்று 2012-ல் மத்திய அரசு உத்தரவிட்டது. தெரிவிக்காத பாசிட்டிவ், நோயாளிக்குப் பயன்படலாம், அவர் தெருவுக்குப் பயன்படாது. அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது இப்போது குடியிருக்கும் வீட்டு முகவரியைக் கொடுங்கள். ஆதார் அட்டையில் உள்ள சொந்த ஊர் முகவரியைக் கொடுத்தால் கொசு ஒழிப்பு ஆட்கள் அங்கே போய்த் தொட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாக, கிணற்றுத் தண்ணீர். கொடுக்கலாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. பொதுமக்கள் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு பார்க்க வேண்டுமென்றால் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில், அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் பிடித்துப் போனால் போதும். கிருமி பார்க்க வேண்டுமென்றால் அப்படிச் செய்யாதீர்கள். முதல் நாளே போய் அவர்களிடம் கிருமி நீக்கிய பாட்டிலை வாங்கி வாருங்கள். அதை அலசக் கூடாது, மூடியின் உட்புறத்தைத் தொடக் கூடாது, வாய்வரை நிரப்பக் கூடாது. மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸ் வைத்த பெட்டியில் வைத்து, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள், எப்படியும் அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். காலையிலேயே எடுத்துப் போங்கள். மாலை நாலு மணிக்குக் கொண்டுபோனால் வாங்கமாட்டார்கள். பிளீச்சிங் பவுடர் போட்ட மறுநாள் மாதிரி எடுக்க வேண்டாம், அது கிணற்றைப் பற்றி எதுவும் சொல்லாது. ரிசல்ட்டில் ஈ.கோலை என்று வந்தால், கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் எவ்வளவு தூரம் என்று முதலில் அளந்து பாருங்கள். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம், ஆனால் கசிவு அடைபடாதவரை அதைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கும். அதுவரை குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடியுங்கள்.